திமிர் யாருடைய சொல்?

திமிர் ஒரு அணிக்குப் பலமா கேடா என்று கேட்பவர்கள் அந்தச் சொல்லை நிரபராதி போல எடுத்துக்கொள்கிறார்கள். நம் பேச்சில் அது பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கி வீசப்படுகிற சொல். 'அவனுக்கு வந்த திமிரைப் பாரேன்' என்று யார் யாரைப் பற்றிச் சொல்கிறார்கள்?

1976ஐ எடுத்துக்கொள்வோம். மேற்கிந்தியத் தீவுகளுடனான டெஸ்ட் தொடருக்கு முன்னால், இவர்களைக் காலில் விழவைப்பேன் என்று இங்கிலாந்துக் கேப்டன் டோனி கிரெய்க் தொலைக்காட்சியில் சொன்னார். சொன்னவர் நிறவெறித் தென்னாப்பிரிக்காவில் வளர்ந்த வெள்ளையர். கேட்டவர்களில் பெரும்பாலோர் அடிமைகளின் வழிவந்தவர்கள். முதல் இரண்டு டெஸ்டுகள் டிரா. மீதி மூன்றையும் மேற்கிந்திய அணி வென்றது. ரிச்சர்ட்ஸ் நான்கே டெஸ்டுகளில் 829 ஓட்டங்கள் எடுத்தார். ஓவலில் ஹோல்டிங்குக்கு 14 விக்கெட். இரண்டு இன்னிங்ஸிலும் கிரெய்க்கின் ஸ்டம்பைப் பெயர்த்தார். கடைசியில் கிரெய்க்கே மேற்கிந்திய ரசிகர்கள் முன்னால் தவழ்ந்து காட்டினார். (வேடிக்கைக்குத்தான். இருந்தாலும் தவழ்ந்தார்.)

ஆணவம் அழிக்கும் என்று இதை நீதிக்கதை ஆக்கிவிடலாம். அப்புறம் ரிச்சர்ட்ஸை என்ன செய்வது? மற்றவர்கள் ஹெல்மெட்டுக்கு மாறிய பிறகும் வெறும் தொப்பியோடு, சூயிங்கம் மென்றபடி, அவசரமே இல்லாமல் ஆட வந்தவர். அந்த நடையையும் திமிர் என்றுதான் எழுதினார்கள். கிரெய்க்கினுடையது எதிராளியைப் பார்க்கவே விடாத திமிர். இவருடையதோ வேலை தெரிந்தவனின் நிமிர்வு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு விளைவை எப்படி அளப்பது?

அதற்காகக் கீழிருந்து எழும் எல்லாத் திமிரும் வாழ்க என்று கோஷம் போடவும் முடியலை. 1980இல் டுனெடினில், நடுவர் அவுட் தரவில்லை என்று அதே ஹோல்டிங் ஸ்டம்புகளை எட்டி உதைத்தார். அந்த டெஸ்டில் ஒரே விக்கெட்டில் தோற்று, தொடரையும் நியூஸிலாந்திடம் இழந்தார்கள். அதற்கப்புறம் 1995 வரை எந்த டெஸ்ட் தொடரையும் அவர்கள் தோற்கவில்லை.