உறுதிக் கூற்றும் புனைவும்: ‘டாவின்சி கோடு’ பெற்ற எதிர்வினைகள்

டான் பிரவுன் 2003இல் வெளியிட்ட ‘தி டாவின்சி கோடு’ என்னும் புதினத்தை ரான் ஹோவர்டு 2006இல் திரைப்படமாக்கினார். இயேசு மகதலா மரியாளை மணந்தார், அவர்தம் மரபினர் இன்றும் உள்ளனர், திருச்சபை அதனை மறைத்தது என்பது கதையின் அடிப்படை. கான் திரைப்பட விழாவின் தொடக்கப் படமாகக் காட்டப்பெற்றபோது, பேச்சு மிகுந்து விறுவிறுப்புக் குன்றியதெனத் திறனாய்வாளர் பலர் குறை கூறினர். சமய அமைப்புகள் நம்பிக்கை புண்படுவதாகக் கூறின. கூற்றின் உறுதிப்பாடு நூலிலிருந்து படத்திற்கு வரும்போது எவ்வாறு மாறியது என்பது போதிய கவனம் பெறவில்லை.

புதினத்தின் முகப்பில் ‘மெய்ம்மை’ எனத் தலைப்பிட்ட பக்கம் ஒன்று உண்டு. சீயோன் மடம் 1099இல் நிறுவப்பெற்ற உண்மையான அமைப்பு என்று அது கூறுகிறது. ஆனால் அப்பெயரிலான சங்கம் 1956இல் பியர் பிளாந்தாரால் பிரான்சில் பதிவு செய்யப்பெற்றது. அதன் பழமைக்குக் காட்டப்பெற்ற ஆவணங்கள் போலியானவை. பாத்திரங்களின் கூற்றுகளுக்கெல்லாம் ஆசிரியர் கூற்றின் வலிமையைத் தருவது அம்முகப்புப் பக்கமே. புதினத்தில் லாங்டனும் டீபிங்கும் ஒருவரையொருவர் வழிமொழிகின்றனர். அகிவா கோல்ட்ஸ்மனின் திரைக்கதையிலோ லாங்டன் ஐயுறுகிறார், மறுக்கிறார். சொல்லளவில் நோக்கின், படம் நூலைவிட அடக்கமானது.

ஆயினும் தமிழகத்தில் தடை செய்யப்பெற்றது படமே. புனைவு என்னும் அறிவிப்புடன் தணிக்கை வாரியம் வயதுவந்தோர்க்கான சான்றிதழ் அளித்திருந்தது. மும்பை, புணே போன்ற நகரங்களில் ஓடிய அப்படத்தைத் தமிழக அரசு 2006 சூனில் தடுத்தது. நூல் தடையின்றி விற்பனையில் இருந்தது. சூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. சான்றிதழ் பெற்ற படத்தை எதிர்ப்புக்கு அஞ்சித் தடுத்தலாகாது என்பது, ‘ஒரே ஒரு கிராமத்திலே’ வழக்கில் 1989இலேயே உச்ச நீதிமன்றம் வகுத்த நெறியாகும்.

அடக்கமான வடிவம் மிகுந்த எதிர்ப்பைப் பெற்றதற்கு மொழியியல் அடிப்படையிலும் ஒரு விளக்கம் தரலாம். ‘மணந்தார்’ என்பது உறுதிக் கூற்று. ‘மணந்தாராம்’ என்பது கேள்விச் செய்தி. தமிழின் ‘ஆம்’ ஒட்டு கூற்றின் பொறுப்பைப் பிறர்மேல் ஏற்றுகிறது. காட்சிக்கு இத்தகைய ஒட்டு இல்லை. டீபிங் நைசீயப் பேரவையைப் பற்றிப் பேசும்போது பேரவையே திரையில் தோன்றுகிறது. லாங்டனின் மறுப்பு செவிக்கு எட்டுகிறது. கண்டதை அது அழிப்பதில்லை. திறனாய்வாளர் குறையெனக் கண்ட பேச்சு மிகுதியும், ஓரளவேனும், காட்சியின் உறுதியைத் தளர்த்தும் முயற்சியே எனலாம்.

தணிக்கை வாரியத்தின் அறிவிப்பு படம் முழுமைக்கும் பொதுவானது. தனித்தனி வாக்கியத்தின் உறுதிப்பாட்டை அது தீர்மானிப்பதில்லை. அப்பணி மொழிபெயர்ப்பாளரைச் சார்ந்தது. இத்தகைய படத்திற்குத் தமிழில் துணையுரை எழுதுவோர் ‘என்பர்’, ‘எனப்படுகிறது’, ‘ஆம்’ ஆகியவற்றை இடச்சுருக்கம் கருதி விடுவாராயின், பாத்திரம் ஐயத்துடன் கூறியது வரலாறாகிவிடும். புண்பட்டோர்க்கும் படைத்தோர்க்கும் ஒருங்கே இழைக்கப்படும் தீங்கு அது.