கல்லில் இல்லாத பெயர்கள்

ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய வாலாஜாபாத்தில் கும்பினியாரின் படைமுகாம் இருந்த காலம் உண்டு. அங்குத் தங்கிய ஐரோப்பியருள் சிலர் அம்மண்ணிலேயே துயில்கின்றனர். இத்தகையோரின் கல்லறை எழுத்துகளைச் சென்னை மாகாணமெங்கும் திரட்டி, ஆட்சிப் பணியாளர் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-இல் வெளியிட்ட பட்டியல் நூல், முன்னோரைத் தேடுவோர்க்கு இன்றும் முதற்கதவு.

அந்நூலின் அருமையை நாம் மறுக்கவில்லை. மழையிலும் வெயிலிலும் கல் தேய்ந்தபின்னும் அதன் வாசகம் ஏட்டில் நிற்கிறது. ஆயினும், வரலாற்றுச் சிறப்போ தொல்லியல் சிறப்போ உடைய கல்வெட்டுகளே தன் பொருள் என்று அதன் தலைப்பே எல்லை வகுத்துவிடுகிறது. கல் நாட்ட இயன்றவர்க்கே அங்கு இடம். முகாமில் சமைத்தவரும், சுமை தூக்கியவரும், மரச்சிலுவையின் கீழ் அடங்கிய ஏழை நெசவாளரும் அதில் இல்லை. சிறப்பு என்பதை யார் அளப்பது?

மற்றொரு குறையும் உண்டு. குடும்பப் பெயரைக் கொண்டு தேடும் முறை ஐரோப்பியர்க்குப் பொருந்தும்; நமக்குப் பொருந்தாது. ஒரு பங்கில் எத்தனை சவரிமுத்துகள், எத்தனை மரியம்மாள்கள்! ஓரிடத்தில் அருளப்பன் எனப்படுபவரே மற்றோரிடத்தில் யோவான் ஆகிவிடுவார். பெயரை மட்டும் நம்பினால், அயலார் பாட்டனை நம் பாட்டன் என்று கொண்டாட நேரும்.

இதற்கு மருந்து நம் பங்குகளிலேயே உள்ளது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, அடக்கம் முடிந்ததும் இறந்தவரின் பெயர், வயது, பெற்றோர் அல்லது வாழ்க்கைத் துணையின் பெயர், பெற்ற அருட்சாதனங்கள், அடக்கம் செய்த இடம், நாள் ஆகியவற்றைப் பதியப் பணித்தது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பும் ஒவ்வொரு பங்கிலும் இறந்தோர் பதிவேடு இருக்க வேண்டும் என்கிறது. அங்கே தளபதிக்கும் கூலியாளுக்கும் தனித்தனி அளவுகோல் இல்லை. இருவருக்கும் ஒரே வரிதான்.

பழைய கல்லறைக்குழியில் புதிய உடலை வைக்கும் வழக்கம் உள்ள இடங்களில் அவ்வரியே இறுதிச் சான்று. எனவே, செல் அரிக்குமுன் அவ்வேடுகளுக்குத் தந்தை பெயரையும் துணைவர் பெயரையும் திறவுகோலாகக் கொண்ட அகரவரிசை அமைப்பது பங்கு மக்களாகிய நம் கடன். நவம்பர் 2-இல் மெழுகுதிரி ஏற்றுகிறோம். யாருக்காக ஏற்றுகிறோம் என்பதை நம் பிள்ளைகளும் அறியட்டும்.