அம்புக்குறி எங்கே போகுது?

மகளோட சுற்றுச்சூழல் பாடப் புத்தகத்தைப் புரட்டினேன். மறுசுழற்சின்னா மூணு அம்புக்குறி, பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி. அவ்வளவுதான். தொட்டிக்கு அப்புறம் என்ன ஆகுதுன்னு ஒரு வரி கூட இல்லை. மதுரைக் குப்பை போய்ச் சேர்ற அவனியாபுரம் வெள்ளைக்கல் கிடங்கைப் பத்தியும் பேச்சே கிடையாது.

நம்ம ஊர்லயே நல்ல பாடம் இருக்கு. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் 2002-ல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே பிளாஸ்டிக் ரோடு போட்டார் (2018-ல் பத்மஸ்ரீ). சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியில் பிளாஸ்டிக் துணுக்குகளைத் தூவினால் உருகி ஒட்டிக்கும், அதுக்கப்புறம்தான் தார். பிஸ்கட் கவர் கூட ஆகும், பி.வி.சி. மட்டும் கூடாது.

ஆனால் ரோடாகிப் போன கவர் மறுபடி கவராகாது. புத்தகத்து அம்பு வட்டமா சுத்துது, இது ஒருவழிப் பாதை. மகளிடம் இதைச் சொன்னதும், "அப்ப எதுக்குப்பா புதுசா கவர் செய்யறாங்க?" என்றாள். புத்தகத்தில் இருக்கும் பத்துக் கேள்விகளில் இது இல்லை.