பூச்சியை உண்ணச் சொன்ன புத்தகம்

வின்சென்ட் ஹோல்ட் என்பவர் எழுதிய சிறு நூலொன்று 1885-ஆம் ஆண்டில் லண்டனில் வெளிவந்தது. ‘பூச்சிகளை ஏன் உண்ணக்கூடாது?’ என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கிறீர்களா? அந்தச் சுளிப்பைப் பற்றித்தான் ஆசிரியர் முதலில் பேசுகிறார்.

செத்த மீனையும் தின்னும் சிங்கி இறாலை விருந்தில் வைக்கிறோம். முட்டைக்கோசு இலையைத் தின்று வளரும் புழுவையோ அருவருக்கிறோம். இதில் தூய்மை எங்கே என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. மழைக்குப் பின் கிளம்பும் ஈசலை அரிசியோடு வறுத்துத் தின்னும் வழக்கம் நம் சிற்றூர்களிலும் உண்டு. அப்படித் தின்பவர்களிடம் வெட்டுக்கிளியை நீட்டிப் பாருங்கள்! அருவருப்புக்குக் காரணம் பழக்கமேயன்றி வேறில்லை.

சமையற் குறிப்புகளில் ஒன்று சுவையானது. ஈரக் கல்லுக்கடியில் வாழும் ‘உட்லவுஸ்’ என்னும் சிறு பிராணிகளைக் கொதிநீரில் இட்டு, வெண்ணெய், மாவு, பால், மிளகு, உப்புச் சேர்த்த சாஸில் கலக்கச் சொல்கிறார். அது இறால் சாஸுக்குச் சற்றும் குறைந்ததல்லவாம். வியப்பில்லை, அப்பிராணி பூச்சியே அன்று, இறாலும் நண்டும் சேர்ந்த ஓட்டுடலி வகுப்பைச் சேர்ந்தது. நூலில் வரும் நத்தையும் மெல்லுடலியே. மாணவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். இன்னொன்று: இறால் ஒவ்வாதவர்களுக்குப் பூச்சியும் ஒவ்வாமற் போகலாம். இரண்டின் தசையிலும் ஒத்த புரதம் இருப்பதே காரணம்.

நூலின் இறுதியில் விருந்துப் பட்டியல்கள், ஆங்கிலத்தோடு பிரெஞ்சிலும்! நத்தை சாஸுடன் மீன், கூட்டோடு வறுத்த குளவிப் புழுக்கள் என நீள்கின்றன. பயிரைக் கெடுக்கும் பூச்சியை ஏழைத் தொழிலாளி பிடித்து உண்ணட்டும் என்பது ஆசிரியரின் யோசனை. ஏழைக்குப் பிரெஞ்சுப் பட்டியல் எதற்கோ!

ஆனால் யோசனை வெறுங்கனவன்று. தாய்லாந்தில் 1970-களின் இறுதியில் மருந்து தெளித்தும் அடங்காத வெட்டுக்கிளிகளைப் பிடித்து உண்ணும்படி மக்களிடம் பிரசாரம் செய்தார்கள். எண்ணெயில் பொரித்த வெட்டுக்கிளி அங்கே விரும்பி வாங்கும் பண்டமாயிற்று. எனினும் ஹோல்டின் காலத்து வயல் வேறு, இன்றைய வயல் வேறு. பூச்சிமருந்து தெளித்த வயலில் பிடித்த பூச்சியில் நஞ்சு தங்கியிருக்கலாம். அதைக் கழுவிப் போக்கிவிட முடியாது.

நூலின் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. பூச்சியை அது பயிரின் பகையாகவும் மனிதனின் உணவாகவுமே எடை போடுகிறது. 1,900-க்கு மேற்பட்ட பூச்சியினங்கள் உண்ணப்படுவதாக ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் 2013-இல் தெரிவித்தது. அவற்றுட் பெரும்பாலானவை காட்டிலும் வெளியிலும் பிடிக்கப்படுபவை. தென் ஆப்பிரிக்கப் பகுதியில் மோப்பானி மரத்துப் புழுவை அளவின்றிச் சேகரித்ததால் சில இடங்களில் அது அருகிவிட்டது. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சியையே ஊட்டுகிறது. நாம் எடுத்தது போக அதற்கு எவ்வளவு மிஞ்சும்?

நூல் மறுபதிப்பாக வந்திருக்கிறது. ஆங்கிலம் படிக்கக்கூடியவர்கள் பட்டியல்களுக்குத் தாவாமல் முற்பகுதியை முதலில் படியுங்கள்.