பெயரிடற்கரிய இசை

கலைஞன் ஒருவன் ஆக்கியவற்றுள் தலையாயது எது என்னும் வினா கேட்பதற்கு எளிது; விடை கூறுதற்கு அரிது. விருப்பம் வேறு, தேர்வு வேறு. விருப்பத்திற்குக் காரணம் வேண்டுவதில்லை. தேர்வுக்கோ அஃது இன்றியமையாதது. இளையராஜாவின் இசைபால் மலையகத்தார் கொண்ட விருப்பத்திற்குக் குறைவில்லை. 1976இல் 'அன்னக்கிளி' வெளிவந்த காலந்தொட்டு, அட்டன், நுவரெலியாத் தோட்டங்களின் லயன்களில் அவருடைய திரைப்பாடல்கள் இலங்கை வானொலி வழியே ஒலித்துவந்தன. ஆயின், திரைப்படத்தின் துணையின்றி அவர் ஆக்கிய தொகுப்புகளைச் சீர்தூக்கும் முயற்சி அரிதாகவே நிகழ்கின்றது.

அவற்றுள் மூன்று ஈண்டு ஒப்பிடத்தக்கன. 'ஹௌ டு நேம் இட்?' 1986இல் வெளிவந்தது. 'இதற்கு எவ்வாறு பெயரிடுவது?' என்பது அதன் பொருள். 'நத்திங் பட் விண்ட்' 1988இல் வந்தது. மாணிக்கவாசகரின் பாடல்களுக்கு இசையமைத்த 'திருவாசகம்' 2005இல் வெளியாயிற்று.

சைவ அன்பர் பலர் தயக்கமின்றித் திருவாசகத்தையே தேர்வர். புடாபெஸ்ட் நகரத்து இசைக்குழுவின் முழக்கத்தோடு தமிழ்மறை எழுவது உள்ளத்தை உருக்குவதே. எனினும் உருக்கியவர் மணிவாசகரா, இசையமைத்தவரா என்று பிரித்துணர்தல் அரிது. சொல்லே பாதி வெற்றியை ஈட்டிவிடுகின்றது. 'நத்திங் பட் விண்ட்' தொகுப்பிலோ ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் கேட்போரை ஆட்கொள்கின்றது. ஆக்கியோனைவிட வாசித்தோனே மேலோங்கி நிற்கின்றான்.

முதல் தொகுப்பில் இவ்விரு துணையும் இல்லை. பாடல் வரிகள் இல்லை. வி. எஸ். நரசிம்மனின் வயலின் சிறப்புற ஒலிப்பினும், அஃது ஆக்கத்திற்கு அடங்கியே செல்கின்றது. தியாகராசருக்கும் ஜெர்மானியர் யோகான் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட இத்தொகுப்பு ஓர் அரிய சிக்கலை எதிர்கொள்கின்றது. கருநாடக இசை ஒற்றை இழையாய்ச் செல்வது, கமகத்தால் உயிர்பெறுவது. பாக்கின் இசையில் ஓரிழை தொடங்க, மற்றோரிழை அதனைப் பின்பற்றிப் புகுந்து, இரண்டும் தத்தம் வழியே நடக்கும். இவற்றை இணைக்குங்கால் இராகம் சிதைதல் கூடும். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்னும் உருப்படியில் பாக்கின் தனி வயலின் இசை ஒன்று தன்னியல்போடு ஓட, அதனருகே புதியதோர் இழை தன் இயல்போடு சேர்கின்றது. ஒன்று மற்றொன்றை விழுங்கவில்லை. விருந்தினனும் இல்லத்தானும் ஒரே திண்ணையில் அமர்ந்து உரையாடுவது போல்வது அது.

இதனை வெறுங்கலவை என்பாரும் உளர். கலவையில் கூறுகள் தம் தன்மை இழக்கும். இங்கு அவை இழக்கவில்லை. குறையே இல்லை என்பதும் பொருந்தாது. சில உருப்படிகள் முழுதும் விரியுமுன்னரே முடிந்துவிடுகின்றன. அக்குறை தொகுப்பின் தகுதியைக் குலைப்பதன்று.

மலையகத்தார் இதனைத் தேர்தற்குப் பிறிதொரு காரணமும் உண்டு. இளையராஜாவின் தமையனார் பாவலர் வரதராசன் 1958ஆம் ஆண்டுத் தேவிகுளம் இடைத்தேர்தலில் அப்பகுதித் தேயிலைத் தோட்டத் தமிழரிடையே பாடியவர். அவருடைய குழுவிலேயே இளையராஜாவின் இசைவாழ்வு தொடங்கிற்று. ஆகவே தோட்டத்து மக்களின் உலகம் இவ்விசைக்கு அயலன்று. இலங்கை மலையகத் தமிழரோ நெடுங்காலம் பிறர் இட்ட பெயராலேயே சுட்டப்பட்டவர். 1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு அவர்களை 'இந்தியத் தமிழர்' எனத் தனியே வகுத்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 'மலையகத் தமிழர்' என்பதோ அவர்கள் தாமே தேர்ந்துகொண்ட பெயர். இரு மரபுக்கு உரியவராய் இருந்தும் எதனையும் இழக்க வேண்டுவதில்லை என்பதனை வாதத்தால் நிறுவ நெடுநேரம் ஆகும். இவ்விசையோ சில நிமிடங்களிற் செவிக்கு உணர்த்திவிடுகின்றது. மூன்றனுள் முதலிடம் இதற்கே உரியது.