பனித்திட்டுக்கு எத்தனை எழுத்து?

பாகூர் கொம்யூனில், கடலோரத்தில் இருக்கிறது எங்கள் பனித்திட்டு. ப, னி, த், தி, ட், டு என்று விரல்விட்டு எண்ணினால் ஆறு எழுத்து. பைத்தானின் ‘லென்’ 11 என்கிறது. ஜாவாஸ்கிரிப்டும் அதையே சொல்கிறது. யூடிஎஃப்-8இல் சேமித்துச் சி மொழியிடம் கேட்டால் 33. இந்த நான்கில் ஸ்விஃப்ட் மட்டும்தான் 6 என்கிறது. எந்த நிரல்மொழி கைக்கு வந்தாலும் முதலில் இந்த ஊர்ப்பெயரைக் கொடுத்துப் பார்ப்பது என் வழக்கம்.

காரணம் யூனிகோடின் அமைப்பு. ‘னி’ அதில் ஓர் எழுத்தாக இல்லை. ன ஒரு குறியீடு, இகரக் கொக்கி இன்னொன்று. மெய்யின் புள்ளிக்கும் தனிக் குறியீடு. பைத்தான் குறியீடுகளை எண்ணுகிறது; சி, குறியீட்டுக்கு மூன்றாகப் பைட்டுகளை எண்ணுகிறது. ஒட்டி நிற்பவற்றைச் சேர்த்து ஓர் எழுத்தாகக் கொள்வது ஸ்விஃப்ட்.

ஓர் அலுவலகத்துக்குப் படிவம் செய்துகொடுத்தபோது ஊர்ப்பெயருக்கு 10 எழுத்து தாராளம் என்று வரம்பு வைத்தேன். அச்சில் ‘பனித்திட்ட’ என்று வந்தது. உகரத்தை வெட்டிய நிரல் ஒரு பிழைச்செய்திகூடக் காட்டவில்லை. மனு கொடுக்க வந்த பெரியவர், “தம்பி, ஊரு பேரு முழுசா இல்லியே” என்று காட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அதற்காகப் பைத்தானை நான் விடுவதாயில்லை. 2008இல் வந்த பைத்தான் 3 சரங்களையெல்லாம் யூனிகோடாக்கியது. மாறிக்கு ‘ஊர்’ என்றே பெயர் வைக்கலாம். ஓப்பன்-தமிழ் நிரலகம் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். ஆனால் அதைத் தேடிப்போய் நிறுவ வேண்டியிருக்கிறது. முதல் பாடம் படிக்கும் பிள்ளைக்குக் கிடைப்பது 11தான்.

அகரவரிசையிலும் இதே கோளாறு. பைத்தான் பனித்திட்டைப் பரிக்கல்பட்டு என்ற ஊருக்கு முன்னால் நிறுத்துகிறது. யூனிகோடு அட்டவணையில் ன, ந-வுக்கு அடுத்து இருக்கிறது. நம் நெடுங்கணக்கில் அது கடைசி மெய். ஜாவாஸ்கிரிப்ட் இதில் மேல்: தமிழ் வரிசை வேண்டும் என்று குறிப்பிட்டால் உலாவியே ஒழுங்காக அடுக்கித் தரும்.

ஸ்விஃப்டிலும் குறை உண்டு. மூன்றாம் எழுத்தை எண்ணைக் கொடுத்து நேரே எடுக்க முடியாது. ஒவ்வொரு முறையும் சரத்தை முதலிலிருந்து நடந்து வர வேண்டும். ‘க்ஷ’வையும் இரண்டாக எண்ணுகிறது.

முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல்மொழியில் ‘பதிப்பி’ என்றால் திரையில் அச்சாகும். நிபந்தனை முதலில், ‘ஆனால்’ பிறகு. நாம் பேசும் ஒழுங்கு அது. சிறு பிள்ளைகளுக்கு அந்த வாசல் வேண்டும் என்றே நினைக்கிறேன். எழிலும் பைத்தான் மேல்தான் கட்டப்பட்டது. கட்டளைச் சொல் தமிழில் இருப்பது எனக்கு மகிழ்ச்சி; அடியில் எழுத்தை எண்ணுவதும் தமிழாக இருந்தால்தான் ஊர்ப்பெயர் தப்பும்.

இப்போது என் படிவங்களில் வரம்பை எழுத்தில் வைக்கிறேன்; சேமிப்பிடத்தைப் பைட்டில் ஒதுக்குகிறேன். பனித்திட்டுக்கு 6, 33 இரண்டுக்கும் வேலை இருக்கிறது. 11ஐ எழுத்தின் எண்ணிக்கை என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.