நான்கு ஆண்டுக்கு அசையாத நாற்காலி

நகராட்சி நிர்வாகம் என்று பேச்செடுத்தால், டென்மார்க்கின் மேயரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. தனியாள் ஆட்டம் இல்லை, கட்சிகள் கூடிப் பேசி முடிவெடுக்கின்றன என்கிறார்கள். மறுப்பதற்கில்லை. அன்றாட அதிகாரம் நிலைக்குழுக்களிடம் பிரிந்து கிடக்கிறது. குழு இடங்கள் விகிதாசாரப்படி பங்கிடப்படுவதால் எதிர்த் தரப்பும் கோப்பைப் புரட்ட முடிகிறது. கோபன்ஹேகனில் ஏழு துறைகளுக்கு ஏழு மேயர்கள். அவர்களில் ஒருவர் தலைமை மேயர்.

ஆனால் இப்படி மெச்சுகிறவர்கள் ஒரு கேள்வியைத் தொடுவதே இல்லை. மேயரை உட்காரவைப்பது யார், எழுப்பக்கூடியவர் யார்?

உட்காரவைப்பது பேரம். மக்கள் தேர்ந்தெடுப்பது மன்ற உறுப்பினர்களை. மேயரை மன்றம் தேர்ந்தெடுக்கிறது. தேர்தல் இரவிலேயே கட்சித் தலைவர்கள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒப்பந்தம் பேசுகிறார்கள். 2021 நவம்பரில் கோபன்ஹேகன் மன்றத்தின் 55 இடங்களில் இடதுசாரி என்ஹெட்ஸ்லிஸ்டன் 15 பெற்று முதலிடத்தில் நின்றது. தலைமை மேயர் பதவியோ 10 இடம் பெற்ற சமூக ஜனநாயகக் கட்சிக்குப் போனது. பெரும்பான்மை திரட்டியவர் பதவி ஏற்கிறார், அதில் தவறில்லை. தவறு, அந்தப் பெரும்பான்மை கரைந்த பிறகும் அவர் நீடிப்பதில் இருக்கிறது.

ஒருமுறை தேர்வானால் நான்கு ஆண்டுக்கும் அவரே மேயர். கூட்டணி உடையலாம், உறுப்பினர்கள் கட்சி மாறலாம். பெரும்பான்மை போய்விட்டது என்ற ஒரே காரணத்துக்காக மன்றம் அவரை இறக்க முடியாது. மன்றத் தலைவரும் அவரே, நிதிக்குழுத் தலைவரும் அவரே, நிர்வாகத்தின் அன்றாடத் தலைவரும் அவரே.

குழுக்களை மீறி அவரால் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்கள் ஃபாரும் நகரைப் பார்க்கட்டும். அங்கே மேயர் பீட்டர் பிரிக்ஸ்டோஃப்டே நகராட்சிச் சொத்துகளை விற்றுத் திரும்ப வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்தார். நிலைக்குழுக்கள் அப்போதும் இருந்தன. விலையுயர்ந்த ஒயின் விருந்துகளின் பில்கள் நகராட்சிக் கணக்கில் ஏறியதை 2002 பிப்ரவரியில் வெளியே கொண்டுவந்தது ஒரு நாளிதழ். அவரைப் பதவியிலிருந்து நிறுத்திவைக்க மத்திய அரசு தலையிட வேண்டியிருந்தது. பின்னால் அவர் சிறைக்கும் போனார். அந்த மன்றத்தில் அவர் கட்சிக்கே பெரும்பான்மை என்பது உண்மை. ஆனால் நீக்கும் உரிமை கையில் இல்லாத மன்றத்துக்குக் கண்காணிக்கும் பழக்கம் எங்கிருந்து வரும்?

மாற்றுவழியைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஒஸ்லோவில் 1986 முதல் நகர அமைச்சரவை முறை நடக்கிறது. மேயர் மன்றத்துக்குத் தலைமை தாங்குகிறார்; ஆட்சி செய்யும் அமைச்சரவை மன்றத்தின் நம்பிக்கை இருக்கும்வரைதான் நீடிக்கும். 2021 ஜூனில் குடிநீர்த் திட்டச் செலவு எகிறிய விவகாரத்தில் அமைச்சரவையின் ஓர் உறுப்பினர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறியது. அமைச்சரவை முழுவதுமே பதவி விலகியது. சில நாளில் அதே கூட்டணி, அந்த ஒருவர் இல்லாமல், திரும்பியது. நகரம் கவிழ்ந்துவிடவில்லை.

நிலைத்தன்மை என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா? ஒப்பந்தம் போட்டவர்களுக்கு அதை முறிக்கும் உரிமையும் வேண்டும். அதைத் தராத முறைக்குக் கருத்தொற்றுமை என்று பெயர் சூட்டுவது, நான்கு ஆண்டுக் குத்தகையை நட்பு என்று சொல்வது போலத்தான்.